வண்டி இரண்டாகப் பிரியும் நிலையம்

முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில், நகரத் தொடங்கிய மின்சார ரயிலின் வாசலில் இருந்த ஒரு மீன்காரப் பெண்ணின் அன்னக்கூடையை நான் காலால் வெளியே தள்ளினேன். கூடையைப் பிடிக்க அவள் பின்னாலேயே குதித்தாள். விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. தள்ளியது நான்தான் என்று ஒருவருக்கும் தெரியாது. மனைவி சாகும்வரை அவளிடமும் சொல்லவில்லை. வருடந்தோறும் மாதா கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய முழந்தாளிட்டு, "கோபப்பட்டேன், சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

இப்போது ஜெர்மனியில், கோப்லென்ஸ் என்ற ஊரில், மகள் வீட்டில் இருக்கிறேன். இந்த நாட்டு ரயில் நிலையங்களில் கேட் கிடையாது. யாரும் டிக்கெட் கேட்காமல் பிளாட்பாரத்துக்குள் போகலாம், வரலாம். முதல் மாதம் அதை நான் ஒரு பொறி என்றே நினைத்தேன். எங்கோ மறைவில் ஒருவன் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான், கடைசியில் பிடிப்பான் என்று. மகள் எனக்கு ஒரு மாதச் சீட்டு எடுத்துக் கொடுத்திருந்தாள். நாடு முழுக்க எந்தச் சாதாரண வண்டியிலும் ஏறலாம். "வீட்டுக்குள்ளயே கெடந்து என்னப்பா பண்ணப் போறீங்க? சுத்திப் பாருங்க" என்றாள். சுற்றினேன். பையின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு. ஜன்னலுக்கு வெளியே திராட்சைத் தோட்டமும் நதியும் ஓடும். நான் பக்கத்தில் இருப்பவரையே கவனித்துக்கொண்டிருப்பேன். ஒருமுறை அருகில் இருந்த ஒரு அம்மாள் எழுந்து போய்க் கதவோரம் நின்றார். என் புளிச்சோற்று டப்பாவின் வாசனைதான் காரணம் என்று உள்ளுக்குள் கொதித்தேன். அடுத்த நிலையத்தில் அவர் இறங்கிப் போனார். இங்கே இறங்க வேண்டியவர்கள் வெகு முன்னாலேயே எழுந்துவிடுவார்கள். அது தெரிந்த பிறகும் யார் எழுந்தாலும் எனக்கு அதே சந்தேகம்தான். ஒரு மனிதனை வண்டியிலிருந்து எப்படி அகற்றலாம் என்று எனக்குத் தெரியும். அதனால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

அப்போது எனக்குக் காலடிப்பேட்டையில் வீடு, பீச் ஸ்டேஷன் அருகே ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. தெருவில் இங்கிலீஷ் கடிதம் எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். எண்ணூரிலிருந்து இறாலும் நண்டும் கொண்டுவரும் பெண்கள் வியாபாரிகள் பெட்டியில் இடம் இல்லாவிட்டால் எங்கள் பெட்டி வாசலில் ஏறிக்கொள்வார்கள். அன்று எனக்கு மேனேஜர் முன்னால் பதவி உயர்வுக்கான நேர்காணல். கூடையிலிருந்து ஒழுகிய தண்ணீர் புது ஷூவில் இறங்கிச் சாக்ஸை நனைத்தது. "கொஞ்சம் தள்ளும்மா" என்றேன். "நான் எங்க தள்றது சார்? வெளியதான் தள்ளணும்" என்று அவள் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான். கொருக்குப்பேட்டையில் வண்டி கிளம்பியது. நெரிசலில் யார் கால் யாருடையது என்று தெரியாது. தள்ளினேன். அவள் விழுந்து கிடந்ததையும், பிளாட்பாரம் எங்கும் இறால் சிதறியதையும் வாசல் வழியாகப் பார்த்தேன். வண்டி போய்க்கொண்டே இருந்தது. மறுநாள் பெட்டியில் அவள் இடுப்பு முறிந்ததைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "தானா குதிச்சாய்யா, நான் பார்த்தேன்" என்று நானே சொன்னேன். படித்தவன் சொன்னால் நம்புவார்கள். நம்பினார்கள். பதவி உயர்வும் கிடைத்தது.

போன இலையுதிர் காலத்தில் சார்ப்ருக்கன் என்ற ஊருக்குக் கிளம்பினேன். வழியில் ட்ரியர் என்ற பெரிய நிலையத்தில் வண்டி நின்றது. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். ஒன்று இரண்டு எண்ணுவதற்கும் நன்றி சொல்வதற்கும் மேல் எனக்கு ஜெர்மன் வராது. பாதிப் பேர் இறங்கி முன்பக்கமாக நடந்தார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். எதிரில் சைக்கிளோடு நின்ற தடித்த மனிதர் என்னைப் பார்த்து, "சார்ப்ருக்கன்?" என்றார். நான் எங்கே போனால் இவனுக்கு என்ன என்று நினைத்தேன். ஆமென்று தலையை மட்டும் ஆட்டினேன். "நைன், நைன்! ஃபோர்னே!" என்று கதவைக் காட்டினார். இறங்கச் சொல்கிறான் என்பது புரிந்தது. நான் பையை மடிக்கு இழுத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். என் மணிக்கட்டிலிருந்து வாரை உருவி, பையை எடுத்து, வெளியே பிளாட்பாரத்தில் வைத்துவிட்டார்.

"டேய், பைய வைடா!" என்று கத்தினேன். அத்தனை வருட இங்கிலீஷும் எங்கே போனதோ. கத்தியபடியே இறங்கினேன். கால் தடுமாறியது, அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் பார்த்தேன்: எங்கள் வண்டி நடுவில் கழன்று இரண்டாக நின்றது. நான் இருந்த பின்பாதி எல்லை தாண்டி லக்சம்பர்க் போவது. முன்பாதிதான் சார்ப்ருக்கன் போவது. 'ஃபோர்னே' என்றால் முன்னால் என்று அர்த்தமாம். இங்கே அது வழக்கமாம். அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓட, நான் பின்னால் ஓட, முன்பாதியில் என்னை ஏற்றிவிட்டுத் தன் சைக்கிளை நோக்கித் திரும்பி ஓடினார். நன்றி சொல்லும் வார்த்தை எனக்குத் தெரியும். வாயில் வரவில்லை.

சார்ப்ருக்கன் வரைக்கும் பையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையில் இருந்தது சர்க்கரை மாத்திரையும் ஒரு சால்வையும் சோற்று டப்பாவும். அது வெளியே போனதும் இறங்கலாமா வேண்டாமா என்று நான் யோசிக்கவே இல்லை. உடம்பு தானாகப் பின்னால் போயிற்று. ஒரு கூடை இறாலுக்காக ஓடும் வண்டியிலிருந்து குதிக்கச் சொன்னது யார் என்று முப்பத்திரண்டு வருடங்களாக எனக்கு நானே கேட்டுத் தேற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வி அன்றோடு போயிற்று.

டிசம்பரில் சென்னைக்குப் போனேன். எண்ணூர் மீன் கடைகளில், ரயிலிலிருந்து விழுந்தவர் என்று விசாரித்ததும், "இடுப்பு ஒடிஞ்ச கன்னியம்மாவா?" என்று கேட்டு வழி சொன்னார்கள். அதுதான் அவர் பெயராகியிருந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இறால் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண், "இன்னா கன்னிம்மா, பேண்ட்டு போட்டுகினு மாப்ள வந்துகீறாரு!" என்றாள். "சும்மா கெடடி. யாரு சார் நீ?" என்றார் கன்னியம்மா.

சொன்னேன். நின்றபடியே, ஜெர்மனியில் என் பை வெளியே போனதுவரை ஒன்றும் விடாமல். அவர் கை நின்றது. "அப்ப தனம் இல்லியா?" என்றார்.

"எந்தத் தனம்மா?"

"என் தங்கச்சி. எம் பின்னால நின்னுகினு இருந்தாளே. மொத நாளு கடை போடற எடத்துக்கு ரெண்டு பேருக்கும் சண்ட. அவதான் தள்ளிட்டானு இத்தினி வருசமா நெனச்சுகினு கீறேன்." இறால் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "அவ பொண்ணு கல்யாணத்துக்குப் போவல. எங்கம்மா சாவுல அவள கிட்ட வர வுடல" என்றார்.

மன்னித்துவிடுங்கள் என்று கைகூப்பினேன். "மன்னிப்பா? நீ பாட்டுக்கு சொல்லிட்டு ஏரோப்ளேன் ஏறிப் பூடுவ. நான் இன்னா பண்றது? சொல்லு சார், நான் இன்னா பண்றது?" என்று கேட்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு ஊன்றுகோலை எடுத்தார். "வா. அவகிட்ட வந்து சொல்லு."

ரயிலில்தான் போனோம். விழுந்த நாளுக்குப் பிறகு அவர் ரயில் ஏறியதே இல்லையாம். ஏறும்போது தோளைப் பிடித்தேன். "கைய எடு" என்றார். தண்டையார்பேட்டையில் ஒரு கோடவுனை ஒட்டிய சந்தில் தனத்தின் வீடு. ஈரக் கையோடு வந்த தனம் அக்காவைப் பார்த்து, "இன்னா, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றார். "இந்த ஆளு ஒண்ணு சொல்றான், கேளு" என்றார் கன்னியம்மா. மறுபடியும் சொன்னேன். தனம் என்னை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

"அன்னிக்கே கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணி சொன்னேன்க்கா, நான் இல்லனு. கூடப் பொறந்தவ வார்த்த வோணாம், எவனோ ஒருத்தன் வந்து சொல்லணுமா உனக்கு?"

கன்னியம்மா கோலை ஊன்றி வாசற்படியில் உட்காரப் போனார். தனம் உள்ளே போனார். கதவைச் சாத்தப் போகிறார் என்றே நினைத்தேன். ஒரு நாற்காலியோடு வந்து, டமாரென்று போட்டார். "கீழ குந்தாத. அப்பறம் எழுந்துக்க முடியாது உன்னால." அக்காவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தான் படியில் உட்கார்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "சொல்லிட்டல்ல, கெளம்பு" என்றார்.

சந்தின் எதிர்ப்புறம், கோடவுன் சுவர் நிழலில் போய் நின்றேன். வாசலில் ஒருவர் தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தார், மற்றவர் அந்தக் கோடியை. எவரும் எழுந்தும் போகவில்லை. பாக்கெட்டில் போன் அடித்தது. ஜெர்மனியிலிருந்து மகள்.

"எங்கப்பா இருக்கீங்க? வீட்டுக்கு எப்ப வர்றீங்க?"

"தண்டையார்பேட்டையில இருக்கேம்மா."

"அங்க நமக்கு யாருப்பா இருக்காங்க?"

வாசலைப் பார்த்தேன். "யாரும் இல்லைம்மா" என்றேன்.