பெட்டிக்குப் போட்ட இரண்டாவது கோடு

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு, எழுபதுகளின் கடைசியில், ஜாதவ்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கம்ப்யூட்டர் கார்டுகளில் துளை போடும் வேலை கிடைத்தது. எங்கள் சார் பக்கத்துப் பேட்டையான லேக் கார்டன்ஸிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். ஜப்பானிய பம்பு ஒன்றின் கையேட்டை இயந்திரமே ஆங்கிலமாக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஜப்பானியர்கள் யார், எதை என்று சொல்லாமலேயே பேச்சை முடித்துவிடுவார்களாம். அதற்கு சார் ஒரு விதி வைத்திருந்தார்: ஆளோ பொருளோ இல்லாத வாக்கியம் வந்தால், முந்தின கார்டில் இருக்கும் பம்பையோ அதை ஓட்டும் மேஸ்திரியையோ போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு கார்டுக்கு ஒரு வாக்கியம்; ஆக, வரிசைதான் எல்லாம். கலைந்தால் திரும்பச் சேர்ப்பதற்காக, அடுக்கின் மேல்விளிம்பில் பென்சிலால் குறுக்காக ஒரு கோடு இழுப்பது வழக்கம். அது அழிந்துபோனால்? அந்தக் கவலை என்னை விடவில்லை. எதிர்மூலையிலிருந்து இன்னொரு கோடும் இழுத்துவைத்தேன்.

மூன்று அதிகாரிகள் வந்து பார்க்கிற நாள். அவர்களுக்குத் திருப்தியானால்தான் என் வேலை நிரந்தரம். அன்று காலை மாடிப்படியில் கார்டுப் பெட்டியைக் கீழே போட்டேன். பொறுக்கி அடுக்கிக் கொடுத்தேன். சார் ஓட்டிப் பார்த்தார்.

“பம்பு சிகரெட் பிடிக்கப்படாதாம். மேஸ்திரியை வாரத்துக்கு ஒரு தடவை கழட்டித் துடைக்கணுமாம். என்னப்பா இது?”

“கீழ போட்டுட்டேன் சார். கோடு பாத்துத்தான் அடுக்கினேன்.”

அடுக்கைப் பார்த்தார். பெருக்கல் குறி. முதல் கார்டிலும் கடைசிக் கார்டிலும் குறிகள் ஒரே இடத்தில். எது முன், எது பின் என்று யாருக்கும் தெரியாது.

“அரே பாபா, ரெண்டாவது கோடு எதுக்கு?”

“பயத்துல சார்.”

“உனக்குப் பயம், பம்புக்கு சிகரெட்டு. மூணு மணிக்கு வந்துடுவா. உக்காரு.”

தரையில் கார்டுகளைப் பரப்பினோம். அவர் ஒவ்வொன்றாக அர்த்தம் சொன்னார்; அது பம்புக்கா மேஸ்திரிக்கா என்று நான் சொல்லச் சொல்ல, அதன் பின்னால் வைத்தோம்.

“ரத்தம் வந்தா கட்டுப் போடணும்.”

“மேஸ்திரி சார்.”

“கசிஞ்சா மூடியை மாத்தணும்.”

“பம்பு.”

“எப்படிப்பா டக்குனு சொல்றே?”

“எங்கம்மா அப்பாவைப் பேர் சொல்லாது சார். ஆளே சொல்லாது. வீட்டுல எல்லாம் ஊகந்தான்.”

மூன்று மணிக்கு எல்லாம் சரியாக ஓடியது, ஒன்றைத் தவிர. இயக்கும்போது பம்பு கையுறை அணிந்திருக்க வேண்டும் என்று வந்தது. அது என் ஊகம். நானும் சாரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மூவரில் மூத்தவர் மட்டும், “ஜப்பான்காரங்க ரொம்ப சுத்தம்” என்று குறித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாயிற்று. பம்புக்குக் கையுறை எங்கே கிடைக்கும் என்று யாராவது எழுதிக் கேட்டுவிடுவார்களோ என்று, வருடக்கணக்கில் தபால்காரர் வந்ததும் ஓடிப்போய் முதலில் நானே கடிதங்களை வாங்கிப் பார்த்தேன்.