அப்பா சொல்லாமல் விட்ட சண்டை

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டைச் சொல்தா வீடு என்றுதான் சொல்வார்கள். எங்கள் ஊரை அப்போது பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டார்கள்; சொல்தா என்றால் அவர்களுடைய பட்டாளத்துக்காரர். அப்பா இளம் வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, பெரிய சண்டைக்குப் பிரான்சுவரை போய்வந்தவர். திரும்பி வந்தபிறகு துறைமுகத்தில், கடல் பாலத்துக்குப் போகிற கேட்டில் காவல் வேலை பார்த்தார். கல்யாணம் ஆனது, அண்ணன் பிறந்தான், பிறகு நான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் அப்பாவைச் சுற்றித் தெருப் பிள்ளைகள் உட்கார்ந்துவிடுவார்கள். அவர் சண்டைக்கதை சொல்வார். ஆனால் அதில் சண்டையே இருக்காது. முதல்முதலாகப் பனியைப் பார்த்து உப்பு என்று நினைத்து நக்கிப் பார்த்தது. அவருடைய படைப்பிரிவுக்குச் சோறாக்கிப் போட, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அதில் பழப்பாகைக் கொட்டிப் பிசைந்து சாப்பிட்டது. ஒரு பண்ணைவீட்டு அம்மாள் தன் மகனுடைய கம்பளிக் காலுறையை அவர் காலில் தானே மாட்டிவிட்டது. எல்லாம் அண்ணனுக்கு மனப்பாடம். அப்பா ஒரு வரியை விட்டுவிட்டால் அவன் எடுத்துக் கொடுப்பான்.

அப்பாவுக்கு இருமல் உண்டு. மழைக்காலம் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று இருமுவார். "அந்த ஊர் பனி நெஞ்சுல எறங்கிடுச்சு" என்பார். அம்மாவும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

முப்பதுகளின் கடைசி அது. மறுபடியும் சண்டை வரும் என்று கடற்கரையில் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். ஒரு மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"பட்டாளத்துக்குப் பேரு குடுத்துட்டேன்பா. சைகோனுக்கு அனுப்புறாங்க."

அப்பா கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தார். அம்மா அண்ணனைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தாள். "உங்க வாயாலதான் போறான்" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "நான் சொன்னதெல்லாம் நெசந்தான்டா. ஆனா மிச்சத்தைச் சொல்லல" என்று ஆரம்பித்தார். "ஒருநாள் காலைல காத்து எங்க பக்கம் திரும்பிச்சு. மஞ்சளா ஒரு புகை, தரையோட தரையா வந்துச்சு. வெஷப்புகை. எல்லாருக்கும் முகமூடி குடுத்திருந்தாங்க. எம் பக்கத்துல காரைக்கால் பையன் ஒருத்தன். அவன் முகமூடி வாரு அறுந்துபோச்சு. எங் காலைக் கட்டிப் புடிச்சிக்கிட்டான். நான் அவன் கையை..."

அதற்குமேல் இருமல் வந்துவிட்டது. கண்ணெல்லாம் சிவந்து, உடம்பு குறுகி, அந்த இருமல் நிற்கவே இல்லை. அந்தக் கையை அப்பா என்ன செய்தார் என்பது கடைசிவரை எங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது. பனி அல்ல, அந்தப் புகைதான் இந்த இருமல் என்பது மட்டும் எல்லோருக்கும் அன்று புரிந்தது.

அண்ணன் அழுதுவிட்டான். எழுந்து வந்து அப்பாவின் முதுகை நீவிக் கொடுத்தான். நான் நினைத்தேன், இனிமேல் போகமாட்டான் என்று. அப்பாவும் நினைத்திருப்பார். அவன் மெதுவாகக் கேட்டான்:

"ஆனா நீங்க திரும்பி வந்துட்டீங்க இல்லப்பா?"



மறுநாள் காலை அப்பா தன் பதக்கங்களை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார். பட்டாள ஆபீசுக்குப் போய், பையனை எடுக்கவேண்டாம் என்று கேட்கப் போகிறேன் என்றார். வழியில் மூச்சு வாங்கினால் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அம்மா என்னை அனுப்பினாள். எனக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கன்னியர் பள்ளிக்கூடத்தில் படித்திருந்ததால் பிரெஞ்சு ஓரளவு புரியும்.

உள்ளே இருந்த வெள்ளைக்கார அதிகாரி அப்பாவின் நெஞ்சைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று சல்யூட் வைத்தார். அப்பாவுக்கும் கை தானாக நெற்றிக்குப் போனது. எந்தப் படைப்பிரிவு, எந்த முனையில் இருந்தீர்கள் என்று அவர் கேட்கக் கேட்க, அப்பா விறைப்பாக நின்று பதில் சொன்னார். பிறகு தட்டுத்தடுமாறி மகனுடைய பேச்சை எடுத்தார். "என் மகன், ஐயா, ஒரே மகன்..." அதற்குள் அந்த மனிதர் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இப்படிப்பட்ட தகப்பனுடைய பிள்ளையை எடுக்காமல் வேறு யாரை எடுப்பேன், கவலையே படாதீர்கள், அவனை நல்ல இடத்தில் நானே சேர்த்துவிடுகிறேன் என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். நான் முன்னால் படியிறங்கிவிட்டதால் அப்பா அவரிடம் கடைசியாகச் சொன்னது கேட்கவில்லை.

தெருமுனை வந்ததும் அப்பா ஒரு வீட்டுச் சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கடைசியா அவருகிட்ட என்னப்பா சொன்னீங்க?"

"மெர்சின்னு சொன்னேம்மா" என்றார். மெர்சி என்றால் நன்றி. "வேற ஒண்ணும் வாயில வரல."

அம்மாவிடம் போய் என்ன சொல்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தோம்.

கப்பல் வந்த நாளில் அப்பாவுக்குக் கேட்டில் வேலை. லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். அவர் கேட்கவில்லை. புதிதாகச் சேர்ந்த பையன்கள் பெட்டியும் கையுமாக வந்தார்கள். கேட்டைத் திறந்துவிட்டவர் அப்பாதான். அண்ணன் அவர் காலைத் தொட்டான். அப்பா அவன் நெற்றியில் சிலுவை போட்டார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், இருமினார், போ போ என்று கையைக் காட்டினார். பின்னால் வந்தவர்கள் நெருக்கவே அவன் நகரவேண்டியதாயிற்று. பாலத்தின் முனையில் படகில் இறங்கி, தூரத்தில் நின்ற கப்பலுக்குப் போனான். கேட்டை மூடக்கூடாது, வண்டிகள் வந்துகொண்டிருந்தன. அப்பா கடலுக்கு முதுகைக் காட்டி நின்று ஒவ்வொரு வண்டியாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணன் உயிரோடுதான் திரும்பினான். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அது எத்தனையோ வருஷம் கழித்து, எனக்குப் பிள்ளைகள் பிறந்தபிறகு. அப்பாவுக்கு அது தெரியாது.

அவன் போனபிறகு அப்பா கதை சொல்வதை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வந்து நின்றால் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். "தாத்தாவுக்கு ஒடம்பு சரியில்ல" என்று நான்தான் அவர்களை அனுப்பிவைப்பேன். அம்மா அந்த ஒரு வார்த்தைக்குமேல் அவரைக் குற்றம் சொன்னதில்லை. ஆனால் அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் அவளுக்குத் தெரியவில்லை. சுடுதண்ணீர் வைத்துக் கொடுப்பாள், நெஞ்சில் தைலம் தேய்த்துவிடுவாள்.

சைகோன் பக்கம் சண்டை தொடங்கிவிட்டது என்ற செய்தி வந்தது. அந்த மழைக்காலத்தில் அப்பா படுத்த படுக்கையானார். டாக்டர் வந்து நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, முன்னமே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். முன்னமே சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று அம்மா கேட்டாள். அவர் பையை மூடிக்கொண்டு, காற்று வரட்டும், ஜன்னல்களைத் திறந்து வையுங்கள் என்று மட்டும் சொல்லிப்போனார். திறந்து வைத்தோம். கடல்காற்று வீடு முழுக்க அடித்தது. அப்பா அதற்காக வாயைத் திறந்து திறந்து பார்த்தார். அம்மா அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "நான் சும்மா சொன்னதுங்க, அன்னைக்கு சும்மா சொன்னது" என்றாள். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

சவப்பெட்டியின்மேல் பிரெஞ்சுக் கொடி போர்த்தப் பழைய சொல்தாக்கள் வந்தார்கள். அம்மா தடுக்கவில்லை. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபிறகு, அண்ணனுக்கு இதை யார் சொல்வது, அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.