ரெஜினா அக்கா ஏற்றுக்கொண்ட பட்டியல்

அன்று அந்த அறையில் நான் சொல்லாமல் விட்டது நான்கே சொற்கள்: “பட்டியலைப் போட்டது நான்தான், சார்.” திட்ட அலுவலர் கேட்டார். ஹாஸ்டல் வார்டன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ரெஜினா அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. நான் மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நடந்து இரண்டு ஆண்டுகளாகின்றன.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, கிருஷ்ணகிரியிலிருந்து வரும் பேருந்து சூளகிரியைத் தாண்டியபோது போன் வந்தது. தெரியாத எண். ரெஜினா அக்காவின் தம்பி பேசினார். “அக்கா நேத்து தவறிட்டாங்கங்க. காமாலை முத்திப்போச்சு. அவங்க நோட்டுல இருக்கற நம்பருக்கெல்லாம் ஒண்ணொண்ணா சொல்லிட்டு வரேன். உங்களுது மொத பக்கத்துலயே இருந்துச்சு.” சாயங்காலம் அடக்கம் என்றார். பக்கத்தில் இருந்த அம்மாள் “யாருக்கும்மா?” என்று கேட்டார். “கூட வேலை செஞ்ச அக்கா” என்றேன். 

அவரோடு களப்பணியில் நடந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. ஆனால் அவர் ஏன் திடீரென்று வேலையை விட்டார் என்று உங்களில் பலர் என்னிடமே கேட்டிருக்கிறீர்கள். நானும் ஏதோ மழுப்பியிருக்கிறேன். இனி மழுப்ப முடியாது.

தொழிற்சாலைப் பெண்களுக்கான எங்கள் உடல்நலத் திட்டத்தில் ஆலோசகராக வருவதற்கு முன் ரெஜினா அக்கா எட்டு ஆண்டுகள் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தி லைனில் நின்றவர். அதனால்தான் தொழிற்சாலை ஹாஸ்டல் பெண்கள் அவரை நம்பினார்கள். வெள்ளைப்படுதல், தள்ளிப்போன மாதவிலக்கு, கட்டாயப்படுத்தும் காதலன், ஆணுறை, எச்.ஐ.வி. எதைக் கேட்டாலும் அவருக்கு முகம் மாறாது. கேட்கக் கூச்சப்படுபவர்களுக்காக ஒரு செருப்புப் பெட்டியில் துளை போட்டு ஹாஸ்டலில் வைத்தார். முதல் வாரம் ஒரு சீட்டும் விழவில்லை. ஓர் அறையில் எட்டுப் பேர். யார் கையெழுத்து என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த வாரம் அவர் போய் நின்று சொன்னது இது: “இடக்கையால எழுதுங்கடி. கோழி கிறுக்குன மாதிரி இருந்தாலும் நான் படிச்சுக்கறேன்.” பெட்டி நிறைந்தது. கோணல்மாணலான அந்தச் சீட்டுகளை அலுவலகத்தில் ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படிப்பார். சில சீட்டுகளைப் படித்ததும் மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிடுவார்.

அந்தச் சீட்டுகளிலிருந்துதான் விளையாட்டு பிறந்தது. இளைஞர்கள் இணையத்தில் விளையாடிக்கொண்டே உடல்நலம் பற்றித் தெரிந்துகொள்ள ஏதாவது செய்யுங்கள் என்று மேலிடத்திலிருந்து சொன்னார்கள். நான் கிருஷ்ணகிரியில் கணினி படித்துவிட்டு முதல் வேலைக்கு வந்தவள். ஹாஸ்டல் பெண்கள் பக்கத்துப் பிரவுசிங் சென்டரில் விளையாட நூறு கட்டங்களில் ஒரு பரமபதம் செய்தேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கேள்வி. சரியான விடைக்கு ஏணி, தவறினால் பாம்பு. கேள்விகளை எல்லாம் அக்காதான் எழுதினார். ஒரு பாம்பின் வாயில் நான் “நோய் வந்துவிட்டது” என்று எழுதியிருந்தேன். அவர் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நோவு வந்தவங்கள பாம்பு வாயில போடாத கண்ணு. அந்தப் பொண்ணும் சென்டர் கேபின்ல உக்காந்து இதையே வெளாடுவா. பாம்பு வேணும்னா புரளிக்கு வை.”

அப்படியே மாற்றினோம். கொசு கடித்தால் எச்.ஐ.வி. வரும், ஒரே தட்டில் சாப்பிட்டால் வரும், கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும். இப்படி ஒவ்வொரு பாம்பும் ஒரு புரளி ஆனது. ஒவ்வொரு பக்கத்தையும் அவர் ஒரே கேள்வி கேட்டுத்தான் விடுவார்: “இத அந்தப் புள்ள தொறக்கறப்ப பக்கத்துல யாரு நிப்பாங்க?” பிரவுசிங் சென்டரின் தடுப்புப் பலகைகள் தோள் உயரம்கூட இல்லை என்பதை நான் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் கவனித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே இரைச்சலாக இருக்கும். ஒரு கேபினில் மூன்று பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள்.

“ஏய், இன்னும் பாம்பு வயித்துலயே கெடக்கியாடி?”

“கொசு கடிச்சா வருமா வராதா, சொல்லித் தொலையேன்!”

“வந்திருந்தா நம்ம ஹாஸ்டல்ல ஒருத்தி மிஞ்சியிருப்பாளா? தட்டுடி ‘வராது’ன்னு!”

கடைக்காரர் சத்தம் போட்டால் அக்கா அவரிடம் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவார்.

பட்டியல் என் யோசனை. சில வாரங்களில் விளையாட வருபவர்கள் குறைந்தார்கள். யார் அதிகப் புள்ளி என்று முதல் பக்கத்தில் காட்டினால் போட்டி வரும், கூட்டமும் வரும் என்று நினைத்தேன். அக்கா வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு வார முகாமுக்குப் போயிருந்தார். அவர் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. முதல் பத்துப் பேரைப் பட்டியலாகப் போட்டேன். பெயர் வேண்டாம், விருப்பமான எதையாவது எழுதுங்கள் என்று விளையாட்டின் தொடக்கத்திலேயே கேட்டிருந்தோம். சிலர் பூவின் பெயரை எழுதியிருந்தார்கள். பெரும்பாலோர் வெறும் எண்ணை எழுதியிருந்தார்கள். எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது. புத்தகங்களோடு வளர்ந்த எனக்கு எண் என்றால் முகம் இல்லாதது.

அவை அவர்களுடைய டோக்கன் எண்கள். கேன்டீனில் சாப்பிட, சீருடை வாங்க, விடுப்பு எழுத, கம்பெனி பஸ்ஸில் ஏற என்று எதற்கும் அவர்கள் எழுதிப் பழகியது கழுத்து அட்டையில் இருக்கும் அந்த எண்ணைத்தான். எழுதச் சொன்னால் கை தானாக அதைத்தான் எழுதும். லைனில் நின்ற ரெஜினா அக்கா பார்த்திருந்தால் அந்தக் கணமே கண்டுபிடித்திருப்பார்.

யாரோ பட்டியலை அச்செடுத்துக் கேன்டீன் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. முதலிடத்தில் இருந்த எண் நூற்றுக்கு நூறு எடுத்திருந்தது. அந்த எண்ணுக்குரியவளை வளர்மதி என்று அழைக்கிறேன். வயது இருபது. லைனில் நின்றுகொண்டே அஞ்சல் வழியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். நூறு எடுத்தவள் என்பது இரண்டு நாளில் ‘எல்லாம் தெரிந்தவள்’ என்று ஆனது. மூன்றாம் நாள் ஆண்கள் அவள் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வார்டன் அவள் அப்பாவுக்குப் போன் செய்து, வந்து அழைத்துப் போகச் சொன்னார்.

அதன் பிறகுதான் அந்தக் கூட்டம்.

“இருபது வயசுப் பொண்ணுக்கு நூத்துக்கு நூறு எப்படிங்க வரும்?” என்றார் வார்டன். “ரெண்டு பெத்தவ நான். எனக்கே பாதி தெரியாது.”

“அப்ப நீங்களும் ஒருக்கா வெளாடிப் பாருங்க மேடம்” என்றார் அக்கா. யாரும் சிரிக்கவில்லை. “அவ படிச்சா, தெரிஞ்சுக்கிட்டா. கணக்குல நூறு வாங்குனா, வட்டிக்கு விட்டுப் பழகுனவளான்னு கேப்பீங்களா? அவள ஹாஸ்டல்ல வெச்சுக்கங்க. பரிச்சை முடியட்டும்.”

“அதெல்லாம் முடியாதுங்க. மத்த புள்ளைங்கள நான் பாக்க வேணாமா?”

திட்ட அலுவலர் கேட்டது அப்போதுதான்: “பட்டியலைப் போட்டது யாரு?”

தண்ணீர் டம்ளரில் ஓர் எறும்பு மிதந்தது. முதல் வேலை. ஓசூருக்கு அனுப்பவே வீட்டில் அத்தனை சண்டை. இவை எல்லாம் ஒரே நொடியில் மனதில் ஓடின.

“கேள்வி என்னுது சார்” என்றார் ரெஜினா அக்கா. “பட்டியலும் என் பேர்லயே இருக்கட்டும்.”

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். எனக்கு அழுகை வந்தது. அவர் தேற்றவில்லை. கோபமாகத்தான் இருந்தார். “எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம் கண்ணு. அந்தப் புள்ளகிட்ட சொல்லிரு. யாரு செஞ்சாங்கன்னு அவளுக்குத் தெரியணும். நான் சொன்னா உன்னக் காட்டிக்குடுத்த மாதிரி ஆயிரும்.”

“சொல்றேன்க்கா” என்றேன்.

சொல்லவில்லை. முதலில் அவள் ஊரில் நிலைபெறட்டும் என்று விட்டேன். பிறகு தேர்வு முடியட்டும் என்றேன். அவள் தேர்வு எழுதவில்லை என்று தெரிந்தது. பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆனது. அக்கா அந்த மாதக் கடைசியிலேயே வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். மூன்று மாதத்தில் விளையாட்டையும் மூடினார்கள். அதன் பிறகு நாங்கள் சந்தித்தபோதெல்லாம் அவர் என்னிடம் “சொன்னியா?” என்று கேட்டதே இல்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அடக்கத்தன்று அவர் தம்பி அந்தச் செருப்புப் பெட்டியை என்னிடம் கொடுத்தார். இடக்கைச் சீட்டுகள் இன்னும் அதில் இருக்கின்றன. அதோடு அவருடைய கேள்வியையும் வைத்துக்கொண்டேன். இதை எழுதும்போதும் கேட்டுக்கொண்டேன்: அந்தப் பெண் இதைத் திறக்கும்போது பக்கத்தில் யார் நிற்பார்கள்? வளர்மதி என்பது அவள் பெயரல்ல. அவள் ஊரையும் எண்ணையும் நான் எங்கும் எழுதவில்லை.

அடக்கத்துக்கு அவளும் வந்திருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. தம்பி நோட்டைப் பார்த்து அவளுக்கும் சொல்லியிருக்கிறார். எல்லோரும் மண் போட்டுவிட்டுக் கலைந்தபின், கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் அவளிடம் போய், “பட்டியலைப் போட்டது நான்தான்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“அக்காதான் போட்டாங்கன்னு ஹாஸ்டல்ல சொன்னாங்க. அக்கா எத்தன தடவ போன் பண்ணாங்க தெரியுமா? ரெண்டு வருசமா நான் எடுக்கவே இல்ல.”

பிறகு, ஏழு மணி பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.