போர்டைப் பார்த்துத் திரும்பிய வண்டிகள்

என் மகள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பிய அன்று, அவள் பிள்ளையை வாங்கிக்கொள்ள நான் பாகாலாவிலிருந்து திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சென்னை பஸ் கிளம்புவதற்குள் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு அவள் ஏற வேண்டும். இனி இரண்டு வருஷம் முகம் பார்க்க முடியாது. தக்காளி ஏற்றும் தன் வண்டியில் மகன்தான் அழைத்துப் போனான்.

ஊருக்குள் நுழையுமுன் சாலைக்கு மேலே புதிதாக, எழுத்து மாறி மாறி வரும் லைட் போர்டு வைத்திருந்தார்கள். நான் ஐந்தாவது வரை தமிழில் படித்தவள். தெலுங்கை எழுத்துக்கூட்டி முதல் வார்த்தையைப் பிடிப்பதற்குள் இங்கிலீஷ் வந்துவிட்டது.

"இன்னா போட்டுக்கீது நைனா?"

"முன்னாடி நெரிசலாம். பைபாஸ்ல போவ சொல்றான்."

"நேரா போனா கிட்டம்தானே?"

"நீ சும்மா இரும்மா. அவ்ளோ ஒயரத்துல போர்டு வெச்சி பொய்யா சொல்லுவான்?"

மலைக்குப் போகிற வெளியூர் கார்கள் எந்தப் பக்கம் திரும்புகின்றனவோ, எங்கள் ஆட்களும் அந்தப் பக்கம் திரும்புவார்கள். அவன் அந்தக் கார்களின் பின்னாலேயே வண்டியை ஒடித்தான். கொஞ்ச தூரத்தில் எல்லாமே நின்றுவிட்டது. பின்னாலும் அடைத்துக்கொண்டது.

எதிரே பைக்கில் வந்தவர் நிறுத்திச் சிரித்தார். "நீயும் போர்டு பாத்து வந்தியா? நேர் ரோடு காலியா கீதுப்பா. பாய் போட்டுத் தூங்கலாம்."

மகள் போன் செய்தாள். "எங்கம்மா கீறீங்க? கண்டக்டர் கத்திக்கினு கீறாரு."

எனக்கு நேரிலேயே பேச்சு வராது, போனில் இன்னும் மோசம். "வந்துக்கினே கீறோம்" என்றேன். வண்டி அசையவே இல்லை. யாரைத் திட்டுவதென்றுகூடத் தெரியவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பஸ் இல்லை. மகளின் தெருவில் பூ விற்கிறவள் வழியனுப்ப வந்திருந்தாள். பேத்தி அவள் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"படியிலயே நின்னுக்கினு பாத்துச்சு உம் பொண்ணு. அப்படியே பஸ்ஸ எடுத்துட்டான்" என்றாள் பூக்காரி.

திரும்பும்போது நேர்ச்சாலையில் வந்தோம். போர்டின் முதுகுதான் தெரிந்தது. "அம்மா எந்தப் பக்கம் போச்சு?" என்று பேத்தி கேட்டாள். மகன் வண்டியை மெதுவாக்கினான். எதிரே வந்த தக்காளி வண்டிக்காரனைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"நேரா போ மாமா, இந்த ரோடு காலி."

அந்த ஆள் இவனைப் பார்த்தான், தலையைத் தூக்கிப் போர்டைப் பார்த்தான், பைபாஸ் பக்கம் திருப்பினான்.