சிதறால் மலையில் அவள் யார் கூட?

நாங்கள் கேரள எல்லையிலுள்ள பாறசாலைக்காரர்கள். எங்கள் தேவாலய சபையாரோடு பத்மநாபபுரம் அரண்மனை பார்த்துவிட்டு, சிதறால் மலையின் பழைய சமணக் குகைக்குப் போனோம். வழிகாட்டிகள் எங்களைத் தமிழுக்கு ஒரு கூட்டம், மலையாளத்துக்கு ஒரு கூட்டமாகப் பிரித்தார்கள். எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். நான் தமிழ்க் கூட்டத்தில் சேர்ந்தேன், கணவர் மலையாளக் கூட்டத்தில். மலைக்காற்றும் கதையுமாக, கனவில் நடப்பதுபோல் ஏறினேன்.

உச்சியில் கணவர் கேட்டார்: “மோளு எங்க?”

“உங்க கூட ஆக்கும்னு நெனச்சேன்!”

எங்கள் ஆறு வயது மகள் இரண்டு கூட்டத்திலும் இல்லை. பக்கத்தில் பாறைக்குளம். கூப்பிட்டுக்கொண்டே குகைப் பக்கம் ஓடினோம்.

குகைக்குள், கல்லில் செதுக்கிய தீர்த்தங்கரரின் காலடியில் கன்னம் வைத்துப் படுத்திருந்தாள்.

“நீங்க ரெண்டாளும் கத கேட்டுட்டு நின்னிய. இவருக்கும் கூட ஆளில்ல, அதான் வந்தேன்” என்றாள்.

இப்போதெல்லாம் வண்டியை விட்டு இறங்கும் முன்பே அவள் யார் கூட என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறோம். கதை பாதி கேட்காமல் போனாலும் போகட்டும்.