காய்ச்சல் என்று எழுத மாட்டேன்

கிளப்பின் வாசலைக் கடந்து அரை மைல் நடந்த பிறகும் விரல் இடுக்கில் கம்பி கீறிய இடம் எரிந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து இலை கட்டிய கை. தோளில் ஒரு துண்டு, கையில் பிரிக்காத சோற்றுப் பொட்டலம், வேறொன்றும் இல்லை. தூறல் போட்டது. காஜா பெராங்கில் நான் குடியிருந்த வாடகை அறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மறுநாள் தீபாவளி. மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அந்தக் கிளப் வெள்ளைக்காரர்களுடையது. சேர்ந்து பத்து மாதம் ஆகியிருந்தது. எனக்கு ஏணி வேலை. எதை உயரத்தில் தொங்கவிடச் சொன்னாலும் ஏறித் தொங்கவிடுவேன். கிறிஸ்துமசுக்கு வண்ணக் காகிதம், மெர்டேக்காவுக்குக் கொடி, அக்டோபரில் இலை. அவர்கள் ஊரில் அப்போது மரமெல்லாம் சிவந்து உதிருமாம். அதை நினைத்து ஒரு நடன விருந்து வைப்பார்கள். மலாக்காவில் அந்த மாதம் மழைதான் பெய்யும். கெத்தாப்பாங் என்கிற நாட்டு வாதுமை மரம் ஒன்றுதான் எல்லா மாதமும் நாலு இலையைச் சிவப்பாக்கிக் கீழே போடும். கிளேபாங் கடற்கரையில் குனிந்து குனிந்து மூன்று சாக்கு பொறுக்கி வந்தேன். மேனேஜரின் துரைசானி ஒவ்வொன்றாகப் பார்த்து, பச்சை தெரிந்ததை ஒதுக்கினாள். ஒதுக்கியதற்கெல்லாம் சிவப்புச் சாயம் பூசினேன். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. அவரவர் ஊரை அவரவர் நினைத்துக்கொள்ளட்டும்.

விருந்து தீபாவளி அன்றே விழுந்தது. ஊருக்கு விடுமுறை, கிளப்புக்கு இல்லை. முந்தின நாள் மாலைக்குள் இலைகளைக் கட்டி முடித்துவிட்டு மறுநாள் லீவு எடுக்க நினைத்தேன். அதற்குக் கிராணி என்று நாங்கள் சொல்லும் தலைமைக் குமாஸ்தாவின் மேசைமேல் உள்ள புத்தகத்தில் தேதியும் காரணமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். சீனச் சமையல்காரர் சீனப் புத்தாண்டு என்று எழுதியிருந்தார். மலாய் டிரைவர் ஹரி ராயா என்று எழுதியிருந்தார். நம்மவர்கள் கிராணியோடு சேர்த்து ஐந்து பேர். ஐந்து பேருக்கும் போன தீபாவளி அன்று காய்ச்சல். அதற்கு முந்தின தீபாவளிக்கும் காய்ச்சல்.

"என்னாங்கய்யா இது, வருசா வருசம் ஒரே நாள்ல அஞ்சு பேருக்கும் சூடு ஏறுது?" என்றேன்.

கிராணி சிரிக்கவில்லை. "பழைய மேனேஜர் தீபாவளின்னு கேட்டா லீவு கொடுக்க மாட்டான்டா. காய்ச்சல்னா மறுபேச்சு இல்ல. அப்படியே பழகிப்போச்சு. நீயும் எழுது."

"எனக்குக் காய்ச்சல் இல்லீங்களே."

"எனக்கு மட்டும் இருக்கா? முதல் வரியப் பாரு, என் பேருதான் இருக்கு."

"இப்ப மேனேஜர் மாறியாச்சே. கேட்டுப் பாக்கலாமே?"

"நீ தீபாவளின்னு எழுதினா இவன் பின்னால புரட்டுவான். பன்னெண்டு வருசக் காய்ச்சலும் பொய்யின்னு ஆயிடும் லா. நாங்க அஞ்சு பேரும் புள்ள குட்டிக்காரங்க. நீ ஒண்டிக்கட்ட, உனக்கென்ன போச்சு?"

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. அதை இன்றும் மறுக்க மாட்டேன். ஆனாலும் பன்னிரண்டு வருடம் ஒரு பண்டிகையை நோய் என்று எழுதியாயிற்று என்பதற்காகப் பதின்மூன்றாவது முறையும் நான் ஏன் எழுத வேண்டும்? பென்சிலை எடுத்துத் தமிழிலேயே தீபாவளி என்று போட்டேன், கொஞ்சம் பெரிதாகவே.

கிராணி அழிரப்பரை என் பக்கம் தள்ளினார். "அழிச்சிட்டுக் காய்ச்சல்னு போடு. நாளன்னைக்கு வந்து உன் ஏணியில ஏறு. இல்லன்னா இப்பவே கிளம்பு. மிச்ச இலையக் கட்ட வேற ஆள் பாத்துக்கறேன்."

"நான் அழிக்க மாட்டேன்யா. நீங்களே அழிச்சிக்குங்க."

நான் பார்த்துக்கொண்டிருந்தவரை அவர் ரப்பரைத் தொடவில்லை. கூடத்தில் பாதிச் சுவர்தான் சிவந்திருந்தது. சோற்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கார அம்மாள் மலாக்காச் செட்டி வம்சம். சாமி நம்முடைய சாமி, பேச்சு மலாய். அத்தை என்பதற்கு மலாயில் சொல்கிற மாதிரி மக்சிக் என்றுதான் கூப்பிடுவேன். முக்காலியில் ஏறி நின்று வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்ன, மத்தியானமே வந்துட்டே? டெமாமா?" என்றார். மலாயில் டெமாம் என்றால் காய்ச்சல். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர் இறங்கி வந்து என் நெற்றியைத் தொட்டே பார்த்துவிட்டார்.

"காய்ச்சல் இல்ல மக்சிக், வேலை போச்சு."

"ஏணியில இருந்து விழுந்தியா?"

"இல்ல, நானே இறங்கிட்டேன்."

"சரி, இதுல ஏறு. அந்த மூலை எனக்கு எட்டல."

ஏறிக் கட்டினேன். மாவிலை பச்சையாகவே இருந்தது, யாரும் குறை சொல்லவில்லை. அன்றைக்கு அந்தச் சோறு ஒன்றுதான் சாப்பாடு. மறுநாளைக்கு என்ன என்று தெரியாது. அது எனக்குப் புதிதும் இல்லை.

விடிந்ததும் கிணற்றடியில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, துவைத்த சட்டையை மாட்டிக்கொண்டு லாரிகள் நிற்கும் முச்சந்திக்குப் போனேன். செங்கல் ஏற்றிய லாரி ஒன்று நின்றது. மலாய்க்கார டிரைவர் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, என் கெலிண்டான் இல்ல. கல் இறக்க ஆள் வேணும், வர்றியா?" லாரியில் கூடப் போய்ச் சரக்கு ஏற்றி இறக்குகிறவன்தான் கெலிண்டான்.

"அவன் எங்க போனான்?"

"எஸ்டேட்டுக்கு. தீபாவளின்னு லீவு கேட்டான். போன்னு சொன்னேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல."

அவர் என் எண்ணெய்த் தலையைப் பார்த்தார். "அட, உனக்கும் இன்னிக்குத் தீபாவளிதானே? வேலை செஞ்சா உங்க சாமி கோவிக்காதா?"

"தீபாவளிதான். தெரிஞ்சேதான் வர்றேன்."

அன்று வேலை செய்ய மாட்டேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, காய்ச்சல் என்று எழுத மாட்டேன் என்றுதான் சொன்னேன். சட்டையைக் கழற்றி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டுச் செங்கல் மேல் ஏறி உட்கார்ந்தேன். லாரி உஜோங் பாசிருக்குப் போனது. அங்கே பாதி எழும்பிய ஒரு வீட்டின் முன்னால், கைக்கு நாலு கல்லாக இறக்கத் தொடங்கினேன்.