பதினேழாவது படி

கட்டட வேலை நடக்கிற இடங்களில் அவளுக்கு லைட்டம்மா என்று பெயர். கொத்தனாரிலிருந்து பொறியாளர் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வரைபடத்தின் மூலையில் கையெழுத்தாக மட்டும் இருந்தது.

அவளுடைய அப்பா ஒரு மின்சாதனக் கடையில் முப்பது வருடம் விற்பனையாளராக நின்றவர். வாங்க வந்தவர்களுக்குப் பல்பை மாட்டி எரியவிட்டுக் காட்டுவது அவர் வேலை. பள்ளி விட்டதும் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய மகளுக்கு, எந்த விளக்கில் மனித முகம் காய்ச்சல்காரன் முகம்போல் தெரியும், எதில் தெரியாது என்பதெல்லாம் பத்து வயதிலேயே அத்துபடி. பிறகு அதையே படித்தாள். நாற்பத்தாறு வயதில் சொந்தமாக ஓர் அலுவலகம் இருந்தது. இரண்டு மேசை, விளக்குகளைச் சோதித்துப் பார்க்கச் சுவரெல்லாம் கறுப்படித்த சின்ன அறை ஒன்று. அவ்வளவுதான் ராஜ்ஜியம்.

அவளுக்கு வந்த வேலைகளிலேயே பெரியது அந்தப் பொது நூலகம். அதைக் கட்டிய கட்டடக் கலைஞரைத் தொழிலில் உள்ளவர்கள் முதுகுக்குப் பின்னால் நிழலார் என்பார்கள். எதைக் காட்டினாலும் "கொஞ்சம் நிழல் விடும்மா" என்பார் மனிதர். அறுபத்தைந்து வயது, மெல்லிய குரல். கோபம் வந்தால் குரல் இன்னும் மெல்லியதாகும்.

நூலகத்தின் நடுவே, வாசிப்புக் கூடத்திலிருந்து கீழ்த்தளத்துக்கு இறங்குகிற கருங்கல் படிக்கட்டுதான் அவருடைய செல்லம். பக்கத்தில் சன்னல் கிடையாது. அலைபோல் வளைந்து இறங்கும் வெள்ளைச் சுவர். அதன் உச்சியில் ஒளித்துவைத்த விளக்குப் பட்டையிலிருந்து வெளிச்சம் வழிந்து, பாதிச் சுவரில் மெல்ல அடங்கிவிடும். மொத்தம் பதினேழு படிகள். வெளிச்சம் எட்டாத கடைசி மூன்று படிகளுக்கும் சுவரோரம் சின்னச் சின்ன விளக்குகள் மூன்றை லைட்டம்மா வரைந்திருந்தாள். நிழலார் சிவப்புப் பேனாவால் அவற்றை அடித்தார்.

"இவ்ளோ அழகான சுவர்ல அம்மைத் தழும்பு மாதிரி மூணு பொட்டு எதுக்கும்மா?"

"படி தெரியணுமே சார்."

"எல்லா இடத்துலயும் வெளிச்சத்தைக் கொட்டினா அதுக்குப் பேரு கட்டடம் இல்ல. கடை."

அவர் அவளுடைய அப்பாவைப் பற்றி ஒன்றுமே அறியாதவர். ஆனாலும் அந்தச் சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கடைக்காரன் பெண்ணாக அவர் முன்னால் நிற்க அவளுக்கு மனமில்லை. திருத்திய வரைபடத்தை அச்செடுத்து, மூலையில் கையெழுத்துப் போட்டாள்.

திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் ஒரு மாலையில் விளக்கெல்லாம் எரியவிட்டுப் பார்த்தார்கள். நூலகக் காவலாளி, ஒல்லியாக, காக்கிச் சட்டைக் காலரில் கைக்குட்டை செருகிய மனிதர், அவளுக்காக மேலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். கடைசிக்கு முந்தின படியில் நின்று காலால் துழாவினார்.

"அம்மா, இங்க ஒரு படி கண்ணுக்கே தெரியலையே. தரை வந்துடுச்சுன்னு நெனச்சேன்."

அவள் கையில் வெளிச்சம் அளக்கிற மானி இருந்தது. அது என்ன எண் காட்டியது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. "கண்ணு பழகிடும்ணே," என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு நாற்காலியைப் போட்டுக் கொடுத்தார்.

திறப்பு விழா நடந்து பதினோராம் நாள், பட்டப்பகலில், பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றைச் சுமந்து இறங்கிய காவலாளி, பதினாறாவது படியைத் தரை என்று நினைத்துக் காலை எடுத்து வைத்தார். விழுந்தபோது தலையின் பின்பக்கம் கல்லில் பட்டது. மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தார். நான்காம் நாள் இல்லை. விசாரணை நடந்தது. மூக்குக் கண்ணாடி பழையது, கையில் பாரம், கைப்பிடியைப் பிடிக்கவில்லை. ஆகவே கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். லைட்டம்மாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று பிறகு அவளுக்குத் தோன்றியதுண்டு.

முதலில் கால்தான் காட்டிக்கொடுத்தது. எந்தப் படிக்கட்டில் இறங்கினாலும் கடைசியில் இன்னொரு படி இருப்பதுபோல் கால் தேடியது. பிறகு கறுப்பு அறை. விளக்கை அணைத்துவிட்டு அளவெடுக்க உட்கார்ந்தால், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பாரத்தோடு இறங்குகிற சத்தம் கேட்கும். நிதானமான செருப்புச் சத்தம். அவளையறியாமல் எண்ணுவாள். பதினாறு வரை வரும். அதோடு நின்றுவிடும். அந்தப் பக்கம் படிக்கட்டே கிடையாது. ஒரு தையல் கடையின் பொருள் அறைதான் இருந்தது. ஒருநாள் போய்க் கேட்டே விட்டாள். தையல்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "இந்த ரூமைத் தொறந்து ஒரு மாசம் ஆச்சும்மா" என்றார். அதன்பிறகு அவள் கறுப்பு அறைக்குள் போவதை நிறுத்திக்கொண்டாள்.

வீட்டில் பகலிலேயே எல்லா விளக்கும் எரிந்தன. கணக்கு வாத்தியாரான கணவர் முதலில் கிண்டல் செய்தார். "மத்தவங்களுக்கு நிழல், நமக்கு மட்டும் வெயிலா?" அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அந்தப் பேச்சை விட்டார். கேட்கலாம் என்று வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்ட நாட்கள் நிறைய. ஒன்றரை வருடம் அப்படியே ஓடியது.

இதற்கிடையில் நூலகம் புகழ் பெற்றுவிட்டது. கட்டடக் கலைஞர்களும் ஒளி வடிவமைப்பாளர்களும் கூடுகிற மூன்று நாள் கருத்தரங்கில் அந்தப் படிக்கட்டைப் பற்றியே ஒரு தனி அமர்வு வைத்தார்கள். நிழலாருக்கு இருபத்தைந்து நிமிடம், லைட்டம்மாவுக்குப் பதினைந்து. அப்படி ஒரு மேடைக்கு அவளை யாரும் அதுவரை அழைத்ததில்லை. முடியாது என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். காரணத்தைச் சொல்லத் தைரியம் வேண்டும். ஒப்புக்கொண்டாள்.

கருத்தரங்குக்கு இரண்டு நாள் முன்பு, மதியம், புதிதாக ஒரு படம் எடுக்க நூலகத்துக்குப் போனாள். திறப்பு விழாவுக்குப் பிறகு அன்றுதான் உள்ளே காலடி வைத்தாள். படிக்கட்டின் கீழே ஒரு பெண் முட்டி போட்டு உட்கார்ந்து, கடைசிப் படியின் விளிம்பில் வெள்ளை டேப் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் துடைப்பமும் வாளியும்.

"என்னக்கா பண்றீங்க?"

"படி தெரியறதுக்கும்மா. காலைல ஒட்டுவேன். யாராவது படம் எடுக்க வந்தா அசிங்கமா இருக்குன்னு கிழிச்சிடுவாங்க. அவங்க போனதும் திரும்ப ஒட்டுவேன்." கேமராவைப் பார்த்தாள். "நீங்களும் படம் எடுக்கத்தான் வந்தீங்களா? கிழிக்கணுமா?"

"வேணாம். இருக்கட்டும்."

"எங்க வீட்டுக்காரர் இங்கதான் விழுந்தார். அதுக்கு அப்புறம் எனக்கு இந்த வேலை குடுத்தாங்க."

லைட்டம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். சொல்லாமல் போய்விட முடியும் என்று ஒரு கணம் தோன்றியது. வாய் அவளுக்கு முந்திக்கொண்டது. "இங்க லைட் போட்டது நான்தான்க்கா."

அந்தப் பெண் டேப்பைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று இவள் காத்திருந்தாள். அவளோ முகத்தை அடையாளம் தேடுவதுபோல் உற்றுப் பார்த்தாள்.

"லைட்டம்மாவா? உங்களப் பத்திச் சொன்னாரும்மா. படி தெரியலைன்னு சொன்னேன், மரியாதையா அண்ணேன்னு கூப்பிட்டு, பாக்குறேன்னு சொன்னாங்கன்னு சொன்னார். நீங்க எப்படியும் வந்து சரி பண்ணுவீங்கன்னு நம்பிட்டு இருந்தார்."

பாக்குறேன் என்று அவள் சொல்லவே இல்லை. செத்த மனிதர் தன் வீட்டில் அவளை நல்லவளாக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். அவள் படம் எடுக்காமல் திரும்பினாள்.

கருத்தரங்கு மண்டபத்தில் நானூறு பேருக்குமேல் இருந்தார்கள். கழுத்தில் அட்டை, கையில் காப்பிக் கோப்பை, வாய் நிறைய லூமென், லக்ஸ் என்று வெளிச்சக் கணக்கு. முதலில் பேசியவர் அருங்காட்சியகங்களில் ஓவியம் வெளுக்காமல் விளக்கு வைப்பது பற்றிச் சொன்னார். அடுத்து வந்த பெண்மணி, தெருவிளக்கால் பறவைகள் தூக்கம் கெடுவதைப் பற்றிப் பேசிக் கைத்தட்டல் வாங்கினார். பிறகு நிழலார் எழுந்தார்.

அழகாகத்தான் பேசினார். இருட்டுக்கும் ஒரு கனம் உண்டு, கட்டடம் மூச்சுவிட இருட்டு வேண்டும் என்று அவர் சொன்னபோது மண்டபமே மயங்கியது. கடைசியாக ஒரு படத்தைத் திரையில் போட்டார். திறப்பு வாரத்தில் ஒரு புகைப்படக்காரர் எடுத்தது. அவள் அதைப் பார்த்ததே இல்லை. வெள்ளைச் சுவர் அலையாக இறங்க, படிக்கட்டு கறுப்புத் தண்ணீர்போல் கிடந்தது. அதன் அடியில், காக்கி நிறத்தில் ஓர் உருவம். கேமரா நெடுநேரம் திறந்திருந்ததில் ஆள் கரைந்து, உடம்பு வழியாகப் பின்னால் இருந்த படியின் கோடு தெரிந்தது. முகம் இல்லை. காலரில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி.

"உயரம் புரியறதுக்காக யாரோ ஒருத்தரை நிக்க வெச்சோம்," என்றார் நிழலார். "பாருங்க, மனுஷனே நிழலாயிட்டார்."

சிரிப்பும் கைத்தட்டலும் எழுந்தன. அந்தக் கைத்தட்டலுக்கு நடுவிலும் லைட்டம்மாவுக்குச் செருப்புச் சத்தம் கேட்டது. மேடைக்குப் பின்னாலிருந்து, நிதானமாக. எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள். அவள் முறை வந்துவிட்டதாக யாரோ தோளைத் தொட்டுச் சொன்னார்கள்.

மைக்கின் முன்னால் போய் நின்றாள். கண்ணில் மேடை விளக்கு அடித்தது. திரையை இயக்குபவர் அவளுடைய படங்களைப் போடத் தொடங்கியதும், "வேணாம். அந்தப் பழைய படமே இருக்கட்டும்" என்றாள்.

"இவர் யாரோ ஒருத்தர் இல்ல. அந்த நூலகத்தோட காவலாளி. இந்தப் படம் எடுத்து ரெண்டு வாரம்கூட இருக்காது, இதே படியில விழுந்து செத்துட்டார்."

காப்பிக் கோப்பை ஒன்று எங்கோ தட்டில் இடித்தது.

"அங்க வெளிச்சம் மூணு லக்ஸ். நூறு லக்ஸாவது வேணும்னு நான்தான் கணக்குப் போட்டேன். மூணு விளக்கு வரைஞ்சேன். எடுக்கச் சொன்னாங்க, எடுத்துட்டேன். படி தெரியலைன்னு அவரே என்கிட்ட சொன்னார். பழகிடும்னு சொல்லி அனுப்பினேன். விசாரணையில அவர்மேல தப்புன்னு எழுதியிருக்காங்க. அது சரியில்ல. வரைபடத்துல இருக்கறது என் கையெழுத்து."

அத்தோடு நிறுத்தினாள். ஒதுக்கிய பதினைந்து நிமிடத்தில் இரண்டுதான் ஆகியிருந்தது. நெறியாளர் மைக்கை வாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் கையைப் பிசைந்தார். முன்வரிசையில் ஒரு வயதான பொறியாளர் எழுந்து, "அந்தப் படி இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"அப்படியேதான் இருக்கு சார். அவர் மனைவி தினமும் டேப் ஒட்டுறாங்க. தினமும் யாரோ கிழிக்கிறாங்க."

யாரும் கைதட்டவில்லை.

வெளி நடையில் நிழலார் அவளை நிறுத்தினார். குரல் காற்றைவிட மெல்லியதாக இருந்தது. "என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னேன் சார், வரைபடத்துல. நீங்க அடிச்சீங்க. ரெண்டாவது தடவ சொல்லாம விட்டது என் தப்பு."

அவர் கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது.

அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். "என்கிட்ட ஏன் இவ்ளோ நாள் சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

கையிலிருந்த வேலைகளில் இரண்டு நழுவின. ஒருவர் நேராகவே, "உங்கள கூப்பிட்டா நாளைக்கு எங்களயும் மேடையில ஏத்துவீங்க" என்றார். அந்த வயதான பொறியாளர் சும்மா இருக்கவில்லை. நூலகத் துறைக்கு எழுதினார், மறுபடி எழுதினார். விசாரணையைத் திரும்ப எடுத்தார்கள். லைட்டம்மா போய் வாக்குமூலம் கொடுத்தாள். கவனக்குறைவு என்ற சொல் நீங்கி, போதிய வெளிச்சமின்மை என்று வந்தது. அவளுக்கு ஒரு வருடம் அரசு வேலை எடுக்கத் தடை போட்டார்கள். நிழலாருக்கு ஒரு கடிதம் மட்டும் போயிற்று. நான்கு மாதம் கழித்து மூன்று விளக்குகளும் சுவரில் ஏறின. கூலி வாங்காமல் அவளே போய் நின்று பொருத்தவைத்தாள்.

சத்தம் நின்றுவிட்டது என்று சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். நிற்கவில்லை. ஆனால் அதைக் கேட்டு அவள் ஓடவில்லை. கேட்டுக்கொண்டே வேலையைப் பார்க்கப் பழகினாள்.

விளக்கு போட்ட அன்று காவலாளியின் மனைவி துடைப்பத்தோடு வந்து கீழே நின்றாள். மூன்று படிகளும் பளிச்சென்று கிடந்தன. ஏறிப் பார்க்கச் சொன்னதற்குத் தலையை அசைத்தாள்.

"நான் ஏற மாட்டேன்மா. வேற கிளை நூலகத்துக்கு மாத்திக் குடுங்கன்னு கேட்டிருந்தேன். திங்கக்கிழமையிலேருந்து அங்கதான். அது ஒரே தளம்."

"நல்லதுக்கா."

"ஒண்ணு கேக்கலாமா? அவர் சொன்னப்பவே நீங்க பாக்குறேன்னு நிஜமா சொன்னீங்களா? மேடையில வேற மாதிரி பேசினீங்கன்னு இங்க சொல்றாங்க."

"இல்லக்கா. பழகிடும்னுதான் சொன்னேன்."

அவள் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்தாள். பிறகு குனிந்து, விளிம்பில் ஒட்டியிருந்த பழைய டேப்பை நகத்தால் கிளறி, ஒரே இழுப்பில் உரித்துச் சுருட்டி வாளியில் போட்டாள். பசை ஒட்டிய இடத்தில் அழுக்குக் கோடு ஒன்று நின்றது. ஈரத்துணியால் அதை அழுத்தித் துடைக்க ஆரம்பித்தாள். லைட்டம்மா பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு துணியை எடுத்தபோது, வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. முகத்தை நிமிர்த்திப் பார்க்கவும் இல்லை.